அடைப்புக்குறிக்குள் ஒரு மலை

கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பெரியவர் மஞ்சப்பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, நிலத்துக்குக் கட்டிய பழைய பி-மெமோ (ஆக்கிரமிப்பு அபராத) ரசீதுகள். கடைசியில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த மூன்று சாதிச் சான்றிதழ்களை எடுத்து மடியில் விரித்தார். ஒன்று அவருடையது. தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தது. இரண்டாவது மகனுடையது, விழுப்புரம் மாவட்டம். மூன்றாவது பேத்தியுடையது, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

"நாங்க எங்கியும் போவல சார். அதே வூடு, அதே காடு. மாவட்டந்தான் எங்கள வுட்டு மாறிக்கிட்டே இருக்குது" என்றார்.

அவர் சொன்னதில் மிகை ஏதும் இல்லை. 1993இல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து, இந்த மலை விழுப்புரத்தோடு போனது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அது அரசியலமைப்பு நாள். அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பு, 1949இல் அதே தேதியில்தான் அரசியல் நிர்ணய சபை இந்தியாவின் அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்துக்கும் இந்தப் பெரியவரின் மஞ்சப்பைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் 25ஆவது பெயர் மலையாளி. கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை, ஜவ்வாது மலைகளில் வாழும் மக்கள் இவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடம் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பட்டியலில் இந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. அதற்குள் ஆறு மாவட்டங்கள்: தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. இந்த ஆறில் இருந்தால் மலையாளி பழங்குடி. இல்லையென்றால் இல்லை.

இன்றைக்குத் தமிழ்நாட்டு வரைபடத்தில் வடஆற்காடு இல்லை, தென்னாற்காடும் இல்லை. திருவண்ணாமலை, நாமக்கல், பெரம்பலூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி என்று புதிய மாவட்டங்கள் வந்துவிட்டன. பட்டியல் மட்டும் பழைய வரைபடத்திலேயே நிற்கிறது. பழைய எல்லையைக் கணக்கில் வைத்து அதிகாரிகள் சான்று தருகிறார்கள் என்பதால் கல்வராயன் மலைக்காரர் தப்பித்துவிடுகிறார். தப்பிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் அதே மலையாளிகள் வாழ்கிறார்கள். ஈரோடு 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த மாவட்டம். அடைப்புக்குறிக்குள் கோயம்புத்தூர் இல்லை. ஆகவே ஒரே இனம், ஒரே பழக்கவழக்கம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு எல்லாம் இருந்தும், அந்தப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை.

திருத்திவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது. அரசியலமைப்பின் 342ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் ஒருமுறை வெளியிட்ட பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். வட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ முதலமைச்சருக்கோ அந்த அதிகாரம் கிடையாது. மகாராஷ்டிர அரசுக்கும் மிலிந்த் என்பவருக்கும் நடந்த வழக்கில், பட்டியலை உள்ளது உள்ளபடியே படிக்க வேண்டும், நீதிமன்றமும் அதில் விளக்கம் சொல்லிப் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்துவிட்டது. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று, பட்டியலை மறுஆய்வு செய்த லோகுர் குழு 1965இல் பரிந்துரைத்தது. அது சட்டமானது 2023 தொடக்கத்தில். ஒரு வரியைச் சேர்க்க 57 ஆண்டுகள்.

நம்முடைய அரசியலமைப்பு, ஒரு சுதந்திர நாட்டின் எழுதப்பட்ட அரசியலமைப்புகளிலேயே மிக நீளமானது. தொடங்கும்போதே 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். இப்போது அட்டவணைகள் 12. திருத்தச் சட்டங்கள் 106. அமெரிக்காவின் மூல அரசியலமைப்பு 7 பிரிவுகளில் முடிந்துவிடுகிறது. 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் திருத்தங்கள் 27தான்.

நம் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் திகைப்பு வரும். 290-ஏ பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம்மோடு சேர்ந்தது. அங்குள்ள கோயில்களின் பராமரிப்புக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் குமரி மாவட்டக் கோயில் செலவுக்கு ரூபாய்க் கணக்கு! ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் பாருங்கள். பயிரை மேய்ந்த மாட்டை அடைத்துவைக்கும் பவுண்டுப் பட்டிக்கு ஓர் இனம், சத்திரத்துக்கும் சத்திரக்காரருக்கும் ஓர் இனம், இடுகாடு சுடுகாட்டுக்கு ஓர் இனம், சாராயத்துக்கு ஓர் இனம்.

இவ்வளவு எதற்கு? இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. 1948 நவம்பர் 4ஆம் தேதி, வரைவைச் சபையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் அதற்கு நேராகவே பதில் சொன்னார். நிர்வாக விவரங்களில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்து 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. அரசியலமைப்பின் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், நிர்வாக முறையை மட்டும் மாற்றி அதன் உயிரைக் கெடுத்துவிட முடியும் என்பது அவருடைய கவலை. ஜனநாயகம் இன்னும் வேர்விடாத மண்ணில் நிர்வாக விதிகளைச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவைப்பது ஆபத்து என்று அவர் கருதினார். ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த நாட்டில், அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பழகிய ஒருவர் அப்படி யோசித்ததில் வியப்பில்லை. அவர் அஞ்சியது சரிதான் என்று நான் நம்புகிறேன்.

எதிர்ப்பக்க வாதத்தைச் சொன்னவரும் சாதாரணமானவர் அல்லர். சர் ஐவர் ஜென்னிங்ஸ், இங்கிலாந்தின் பெரிய சட்ட அறிஞர், அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1952 மார்ச்சில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் பெயரிலான அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அல்லாடி நம் அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவர். அவர் பெயரிலான மேடையிலேயே, இந்திய அரசியலமைப்பு அளவுக்கு மீறி நீளம், வளைந்துகொடுக்காதது என்று ஜென்னிங்ஸ் குறை சொன்னார்.

அவர் ஆலோசனை சொல்லி உருவான இலங்கை அரசியலமைப்பு சுருக்கமானது. அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயமே கிடையாது. சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டம் கூடாது என்று 29ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு மட்டும் இருந்தது. 1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் வந்தது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய்த் தேயிலைத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய ஓட்டுரிமையும் போனது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயும் 29ஆவது பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. சுருக்கமாக எழுதினால் ஏழைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்களைக் காட்டுங்கள்.

நீளமாக எழுதியும் கெடுக்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1901இல் எழுதிய அரசியலமைப்பு வளர்ந்து வளர்ந்து, நம்முடையதைவிட மிகப் பெரியதாயிற்று. கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிக்கவே அது எழுதப்பட்டது. உள்ளூர் நிர்வாகங்களுக்கு அதிகாரம் தராமல் எல்லாவற்றையும் தலைநகரில் குவித்து வைத்ததால், ஏதோ ஒரு வட்டாரத்தில் கொசு ஒழிப்புக்கு வரி போடக்கூட அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. 2022இல் அதைத் தொகுத்துச் சீரமைப்பதற்குள் திருத்தங்கள் 950ஐத் தாண்டிவிட்டன. மக்களை நம்பாதவர்கள் எழுதிய நீளம் அது. அம்பேத்கர் எழுதியதோ ஆளுகிறவர்களை நம்பாத நீளம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மறுபடியும் மலையேற வேண்டும்.

கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாகக் கிடந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று ஜாகிர்தார்களின் பெயரால்தான் ஊர்கள் அறியப்பட்டன. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தந்த மானியம் என்பது அவர்கள் சொல்லிவந்த வரலாறு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, ஜமீன்கள் ஒழிந்து, பல முதலமைச்சர்கள் மாறிய பிறகும் மலையில் ஜாகிர் ஒழியவில்லை. வரி ஜாகிர்தாருக்கு, அவர் நிலத்தில் கூலியில்லாத உழைப்பும் அவருக்கு. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு, கூலியில்லாமல் வேலை வாங்குவது குற்றம் என்று 1950 ஜனவரி 26 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கல்வராயன் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது 1976இல். இடைப்பட்ட 26 ஆண்டுகள் அந்தப் பிரிவு மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டது.

அந்த 1976ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலம். அதே ஆண்டு டில்லியில் 42ஆவது திருத்தம் நிறைவேறியது. 59 கூறுகள் கொண்ட அந்த ஒரே திருத்தத்தைக் குட்டி அரசியலமைப்பு என்றே சொன்னார்கள். பழங்குடிப் பட்டியலையும் அதே 1976இல் ஒரு சட்டத்தால் திருத்தினார்கள். பல இனங்களுக்கு இருந்த பகுதிக் கட்டுப்பாடு அப்போது நீங்கியது. மலையாளிகளின் அடைப்புக்குறி நீங்கவில்லை.

புத்தகத்தில் மலைக்காரருக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது, ஐந்தாவது அட்டவணை. ஒரு பகுதியைப் பட்டியல் பகுதியாகக் குடியரசுத் தலைவர் அறிவித்தால், அங்கே பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கலாம். வட்டிக்குப் பணம் கொடுப்பவரைக் கட்டுப்படுத்தலாம். மலைக்குப் பொருந்தாத சட்டம் அங்கே செல்லாது என்று ஆளுநர் அறிவிக்கலாம். பஞ்சாயத்து முறையைப் பட்டியல் பகுதிகளுக்கு விரிவாக்க 1996இல் வந்த பெசா சட்டப்படி அங்குள்ள கிராம சபைக்கு நிலத்தின் மீதும் சிறு வனப் பொருள்கள் மீதும் அதிகாரம் கிடைக்கும். கடுக்காய், புளி, தேன் என்று காட்டைச் சார்ந்தும், சாமையும் மரவள்ளியும் போட்டும் வாழ்கிற மலைக்கு இவற்றைவிடப் பொருத்தமான பாதுகாப்பு எது? மரவள்ளிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, வியாபாரியிடம் முன்பணம் வாங்கியதற்காக அவர் சொன்ன விலைக்கே தள்ளிவிடுகிற விவசாயியை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது அட்டவணை அவருக்காக எழுதப்பட்டதுதான்.

ஆனால் இன்று பத்து மாநிலங்களில் மட்டுமே பட்டியல் பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. பழைய சென்னை மாகாணத்தில் கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கத்து ஏஜென்சி மலைகள் பட்டியல் பகுதிகளாக இருந்தன. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அவை அங்கே போய்விட்டன. மீதமிருந்த நம் மலைகளைச் சேர்க்க யாரும் முனையவில்லை. பழங்குடியினர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், பகுதி தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நிர்வாகத்துக்கு ஏற்ற அலகாக இருக்க வேண்டும், பொருளாதாரத்தில் பின்தங்கியிருக்க வேண்டும் என்பவை பட்டியல் பகுதிக்கான அளவுகோல்கள். கல்வராயன்மலை இன்று தனி வட்டம், தனி ஒன்றியம். மக்களில் பெரும்பாலோர் மலையாளிகள். எந்த அளவுகோலில் இந்த மலை தோற்கிறது?

மறுபடியும் அந்தப் பேத்தியிடம் வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகிற பெண். பழங்குடிச் சான்றிதழ் என்றால் இணையத்தில் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படி ஏறிக் கடைசியில் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். மற்றச் சாதிகளுக்கு வட்டாட்சியரோடு முடிகிற வேலை, பழங்குடியினருக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது. போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் வந்த கட்டுப்பாடு இது. அதன் நியாயம் புரிகிறது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆய்வுக் குழுக்களை அமைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். பெரிய படிப்புக்கோ அரசு வேலைக்கோ போகும்போது சான்றிதழ் மறுபடி சரிபார்க்கப்படும். ஏமாற்றுகிறவரைப் பிடிக்கப் போட்ட வேலி அது. அதில் அன்றாடம் துணி கிழிவதோ வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் பிடிக்கிற குடும்பத்துக்கு.

"நான் மலையாளின்னு மலைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். ஆபீசுக்குத்தான் தெரியல" என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் கோபமில்லை. பழகிப்போன களைப்பு இருந்தது.

நிலத்தின் கதையும் இதேதான். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பே காட்டு நிலத்தில் உழுதுவந்த பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்கிறது அது. கிராம சபை, கோட்ட அளவுக் குழு, மாவட்டக் குழு என்று மூன்று படி. தமிழ்நாட்டிலோ 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைச் சான்று வழங்க முடியாமல் போனது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும்வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. ஜாகிர்தாரிடம் வரி கட்டியவர் பிறகு அரசிடம் பி-மெமோ அபராதம் கட்டினார். அப்பன் பாட்டன் திருத்திய காட்டில் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரோடு அவர் உழுதுகொண்டிருக்கிறார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சாராயம் என்றதும் எல்லார் விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. அப்போதுதான், அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, போக்குவரத்து என்று அரசிடம் கேள்விமேல் கேள்வி கேட்டது. ஆட்சியில் இருப்பவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றது. சாராயத்துக்கு மாநிலப் பட்டியலில் ஓர் இனமும், மதுவிலக்குக்கு 47ஆவது பிரிவும், பழங்குடியினர் நலனுக்கு 46ஆவது பிரிவும், அவர்களுக்கென்று ஆணையம் அமைக்க 338-ஏ பிரிவும் உள்ள நாடு இது. இத்தனையும் இருந்தும், பக்கத்து ஊரில் பிணங்கள் வரிசையாகக் கிடந்த பிறகுதான் மலைக்குச் சாலை உண்டா என்று கேட்கத் தோன்றியது.

அதனால் புத்தகம் பெரியது, சுருக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணை செல்லாது என்று ஆனபோது, சென்னையில் எழுந்த போராட்டத்தால் 15ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. அரசியலமைப்பின் முதல் திருத்தம் அது. அந்தச் சில வரிகளால் படித்து முன்னேறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனை எத்தனை! நீளத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆளுகிறவர்மேல் இருந்த அவநம்பிக்கையால் எழுதப்பட்ட விவரங்களை, ஆளப்படுகிறவரைச் சந்தேகிக்க எடுத்துப் பயன்படுத்துவதுதான் அநியாயம். மலைக்காரர் ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத்தானே நிரூபிக்க வேண்டும். பட்டியல் மட்டும் இல்லாத மாவட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு எந்த நிரூபணமும் இல்லாமல் நிற்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

கேட்பது இரண்டே இரண்டு. மாநில அரசு கல்வராயன் உள்ளிட்ட பழங்குடி மலைகளை ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளாக அறிவிக்கும்படி முறைப்படி கோர வேண்டும். நாடாளுமன்றம் பட்டியலின் 25ஆவது பெயருக்குப் பக்கத்தில் உள்ள மாவட்டப் பெயர்களை எடுத்துவிட்டு, தமிழ்நாட்டு மலைகளில் வாழும் மலையாளிகள் என்று எழுத வேண்டும். கேரளத்து மலையாளியோடு குழப்பமும் வராது. பர்கூர்க்காரரும் உள்ளே வந்துவிடுவார். ஐந்தாவது அட்டவணைக்கு அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை, குடியரசுத் தலைவரின் ஓர் ஆணை போதும். பட்டியலுக்குச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறும் ஒரு வரிச் சட்டம் போதும். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேரில் ஒருவராவது இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்க வேண்டும்.